முதுகுப் பக்கம் ஒரு பொட்டு

ஜெயபாண்டிக்கு உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. வாய் மட்டும் மரக்கவில்லை. தங்கச்சி புருஷன் சோணைமுத்துவுக்குக் கருமாதிகூட இன்னும் முடியவில்லை. அதற்குள் வடக்கு வெளி வீதியில் காரை நுழைத்துக்கொண்டே, முன்னால் போன ஷேர் ஆட்டோவைப் பார்த்து, "இவன் இண்டிகேட்டர் போடுறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துரும்க்கா" என்றான். சொன்ன பிறகு, சொன்னது நாம்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. மேலூர் அரிசி ஆலையிலிருந்து அந்தப் போன் வந்த காலையிலிருந்து அவனுக்கு எதுவுமே வரவில்லை.

பக்கத்து சீட்டில் பத்மாசினி பாக்கு மென்றுகொண்டிருந்தாள். மதுரையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஒரே பெண்மணி என்று அவளுடைய போர்டு சொல்லும். அது நிஜமா என்று இதுவரை யாரும் துப்பறிந்ததில்லை. ஜெயபாண்டி அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், அவசரத்துக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரன். இன்றைக்கு அவன்தான் கட்சிக்காரனும்.

வழக்கு இதுதான். நெல் அவிக்கிற தொட்டிக்கு நீராவி கொண்டு போகும் குழாய் ஒன்று, காலையில் வால்வைத் திறந்த சூட்டில் வெடித்தது. திறந்தவன் சோணைமுத்து, அங்கேயே போய்விட்டான். நாலு இஞ்ச் குழாய் மூணு இஞ்சாகச் சுருங்கும் இடத்தில் மாட்டியிருந்த ரெடியூசர் தலைகீழாக இருந்தது, அதனால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கியது, அதுதான் காரணம் என்று பார்க்க வந்த அதிகாரி சொல்லிவிட்டார். அதை மாட்டிய ஃபிட்டர் அருள்பாண்டி, ஜெயபாண்டியின் கூடப்பிறந்த அண்ணன். அவரிடம் கேட்டபோது, "நான்தான் தப்பா மாட்டிட்டேன்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. இன்று சாயங்காலம் ஸ்டேஷனில் அதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டால் உள்ளே போக வேண்டியதுதான்.

தங்கச்சிக்குப் புருஷனும் போய், புருஷனைக் கொன்றவன் என்று அண்ணனும் போனால் அந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்? ஜெயபாண்டி அந்தக் கேள்வியைத் தனக்குள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டான். கேள்வி மட்டும் கேட்டது, வலி வரவில்லை.

கார் நின்ற இடம் குழாய்ச் சாமான் கடை. கல்லாவில் இருந்த இந்துப்ரியாவும் பத்மாசினியும் வீட்டு பாஷையான சௌராஷ்டிரத்தில் கொஞ்ச நேரம் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். "என்னையத் திட்டுறதா இருந்தா தமிழ்லயே திட்டுங்க, நானும் கலந்துக்கிறேன்" என்றது ஜெயபாண்டியின் வாய்.

இந்துப்ரியா இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டும் ரெடியூசர்தான். ஒன்று புனல் மாதிரி சுற்றிலும் ஒரே சீராக ஒடுங்கியது. இன்னொன்று கோணல். ஒரு பக்கம் தட்டையாக நேரே ஓடியது, எதிர்ப் பக்கம் மட்டும் சரிந்தது.

"அளவு மாறுற இடத்துக்கு ரெடியூசர் வேணும்னு வந்து நின்னா, நான் அளவே கேக்க மாட்டேன்" என்றாள் அவள். "பம்புக்கா, ஸ்டீமுக்கா? அதத்தான் மொதல்ல கேப்பேன்."

கேட்பதற்குக் காரணம் இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் பம்புக்கு என்றால் கோணல் ரெடியூசரைத் தட்டைப் பக்கம் மேலே வருகிற மாதிரி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல் வளைவில் காற்று போய் உட்கார்ந்துகொண்டு பம்பைத் திணறடிக்கும். நீராவிக்கு அப்படியே நேர்மாறு. தட்டை கீழே இருக்க வேண்டும். ஆவி குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் தட்டையிலேயே வழுக்கிக்கொண்டு வடிகாலுக்குப் போய்விடும். திருப்பி மாட்டினால் அடியில் ஒரு படிக்கட்டு மாதிரி தடுப்பு விழும், தண்ணீர் அதற்குப் பின்னால் நிற்கும்.

"நின்ன தண்ணிய ஸ்டீம் தள்ளுச்சுன்னா அது தண்ணி இல்லக்கா, சம்மட்டி" என்றாள் இந்துப்ரியா.

அருள்பாண்டியை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆலையிலிருந்து முதலில் புனல் மாதிரியைத்தான் வாங்கிப் போனார்களாம். அதை இவர் கையோடு கொண்டுவந்து திருப்பிக் கொடுத்து, ஸ்டீம் லைனுக்கு இது ஆகாது என்று கோணலைக் கேட்டிருக்கிறார். கடையில் இருந்த கோணலும் தகடு மெலிசு என்று பிடிக்கவில்லை. கனமானது வரவழைத்துத் தருகிறவரை ஆலைக்காரர்கள் போன்மேல் போன் போட்டும் அசையவில்லை.

காருக்குத் திரும்பும்போது பத்மாசினி கேட்டாள். "இம்புட்டுப் பார்த்து வாங்குன மனுஷன், மாட்டும்போது மட்டும் கண்ண மூடிக்கிட்டாரா?"

ஜெயபாண்டி சாவியைத் திருகினான். நம்பிக்கை வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

மேலூர் சாலையில் கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேனேஜர் சூரியபிரகாஷ் வாசலுக்கே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, அதற்குப் பொருத்தமாக இஸ்திரி கலையாத சோகம். சோணைமுத்து தங்கமான பையன் என்றார், அருள்பாண்டி நல்ல ஃபிட்டர்தான், போதாத காலம் என்றார், டீ சொல்லட்டுமா என்றார்.

பத்மாசினிக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அருள்பாண்டி மாட்டிய பிறகு வேறு யாராவது அந்த ரெடியூசரைக் கழற்றினார்களா?

"ஒருத்தர் விரல்கூடப் படல மேடம்."

காது கொஞ்சம் மந்தம், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். தவிட்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது மந்தமெல்லாம் இல்லை, அடுத்த தெருவில் அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்கும்.

பாய்லர் கொட்டகை குளிர்ந்து கிடந்தது. ரெடியூசர் சுவரோரமாக, ஆள் தலை உயரத்தில் போகிற குழாயின் நடுவில் இருந்தது. தட்டைப் பக்கம் மேலே, சரிவு கீழே. அதிகாரி சொன்னது சரிதான், தலைகீழ். அதைத் தாண்டி, வெடித்த வளைவு இருந்த இடத்தில் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குக் கீழே தரையைக் கழுவியிருந்தார்கள். கழுவின இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஜெயபாண்டி அந்த வெளுப்பின்மேல் கால் படாமல் சுற்றிப் போனான். அதைச் செய்தது கால்தான், அவன் இல்லை.

பத்மாசினி குழாயைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். பாய்லர் கதவில் சந்தனம் குங்குமம். வால்வுச் சக்கரத்தில், மோட்டாரில், மணல் வாளியில், குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்தவை. பாய்லர் சூட்டில் காய்ந்து கறையாகப் படிந்துவிட்டன.

"பொட்டு இல்லாதது மேனேஜர் நெத்திக்கு மட்டுந்தான் போல" என்றான் ஜெயபாண்டி.

"இன்னொன்னுக்கும் இல்ல" என்றாள் பத்மாசினி.

அந்த வரிசையில் ரெடியூசர் மட்டும் மொட்டையாக இருந்தது. கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லத்தாயைக் கூப்பிட்டாள். பூஜைக்குப் பொட்டு வைத்தது அவள்தானாம். விட்டுப்போச்சா என்று கேட்டதும் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அது எப்படி விடும், அதுதான் புதுசாக வந்த உருப்படி, அதற்குத்தான் முதல் பொட்டே வைத்தாளாம்.

பத்மாசினி கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்தாள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதை நுழைத்துச் சாய்த்தாள். கண்ணாடிக்குள், ரெடியூசரின் முதுகில், சந்தனத்துக்கு நடுவே குங்குமம் கறையாக உட்கார்ந்திருந்தது.

"ஏத்தா, சாமானுக்கு முதுகுல பொட்டு வைக்கிற பழக்கம் இந்த ஊர்ல உண்டா?"

"அந்தச் சந்துல என் கையி போகுமா தாயி? மூஞ்சிலதான வப்போம்" என்றாள் செல்லத்தாய். சொல்லிவிட்டு மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பொட்டு வைத்த அன்றைக்கு அதன் முகம் இந்தப் பக்கம் இருந்தது. பொட்டு இப்போது சுவர்ப் பக்கம் என்றால், சாமான் அரைச்சுற்று சுற்றியிருக்கிறது. இப்போது மேலே இருக்கும் தட்டை, அன்றைக்குக் கீழே இருந்திருக்கிறது. அண்ணன் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். பூஜைக்கு அப்புறம் யாரோ கழற்றித் திருப்பியிருக்கிறார்கள். சூரியபிரகாஷ் சட்டைப்பைக்குள் கை விட்டார். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

ஜெயபாண்டி அவர் பின்னால் போகப் போனான். வெடித்த பிறகு அண்ணனை மாட்டிவிட இந்த ஆள்தான் திருப்பியிருக்கிறான், சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. பத்மாசினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்புறமா திருப்பியிருந்தா, அது வெடிச்சது எதுக்கு?"

யோசித்தால் நியாயம்தான். தட்டை கீழே இருந்திருந்தால் தண்ணீர் நின்றிருக்காது, தண்ணீர் நிற்காவிட்டால் வெடித்திருக்காது. ஆக, வெடிப்பதற்கு முன்னாலேயே திருப்பியாகிவிட்டது.

"வேணும்னே பண்ணியிருப்பானா?" என்று கேட்டான்.

அவள் மூணு இஞ்ச் குழாயைத் தாங்கும் இரும்புக் கொக்கியைக் காட்டினாள். ரெடியூசரைத் திருப்பினால் சின்னக் குழாய் ஒரு இஞ்ச் மேலே ஏறும். அந்த ஒரு இஞ்ச்சுக்குக் கொக்கியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார்கள். ஏனோதானோவென்று செருகிய கட்டை இல்லை. அளவாக அறுத்து, ஓரம் குத்தாமல் இழைத்த கட்டை. குழாய் அதிராமல் இருக்கக் கட்டைமேல் ரப்பர் வேறு சுற்றியிருந்தது. ரப்பர் சூட்டில் உருகிக் கருப்பாக வழிந்திருந்தது.

"கெட்டது பண்ண வந்தவன் கட்டைய இழைச்சுக்கிட்டு உக்கார மாட்டான் ஜெயபாண்டி. இவன் சரி பண்றதா நினைச்சுத்தான் பண்ணியிருக்கான். ஆனா சூட்டுக் குழாய்க்கு ரப்பர் வைக்கிறான், தட்டைய மேல வைக்கிறான். ஸ்டீமே தெரியாத ஆளு, பம்புலயே கிடந்த ஆளு. இந்த மில்லுல அப்படி யாரு?"

ஜெயபாண்டி கொக்கிக்குக் கிட்டே போனான். உருகாமல் மிச்சம் இருந்த ரப்பர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் டியூப். ஆனையூரில் அவர்கள் குடும்ப வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கு அடியிலும் இதே மாதிரி இழைத்த கட்டை, அதன்மேல் இதே மாதிரி சுற்றிய சைக்கிள் டியூப். வைத்தவன் சோணைமுத்து. இந்த ஆலைக்கு வருவதற்கு முன்னால் வைகைப் படுகையில் குடிநீர் பம்ப் ஹவுஸில் ராத்திரி பகலாகக் கிடந்தவன். பாய்லரில் வேலை இருக்கு வாங்க மாப்ள என்று கூட்டிவந்து சேர்த்துவிட்டது அருள்பாண்டி.

முதல்முறையாக அவன் வாயும் மரத்துப்போனது. ஆனையூர் போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்மாசினியும் கேட்கவில்லை.

வீட்டில் அண்ணன் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். ஜெயபாண்டி அவர் முன்னால் தரையில் குந்திக்கொண்டு, பொட்டையும் கட்டையையும் டியூப்பையும் சொன்னான். நீ சரியாகத்தான் மாட்டினாய் என்று சொன்னால் அண்ணன் முகத்தில் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றார் அருள்பாண்டி.

வெடித்த அன்றைக்கே பார்த்துவிட்டாராம். அப்போதுதான் மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றியிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் ரெடியூசர் திரும்பியிருந்தது, கீழே டியூப் சுற்றின கட்டை. யார் கை வேலை என்று தெரிய அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"பம்ப் ஹவுஸ்ல நிம்மதியா இருந்தவன நான்தான கூட்டியாந்தேன். செத்தவன் தலைல பழியப் போட்டுட்டு நான் வீட்ல சோறு திங்கவா? இப்ப எல்லாரும் அவனப் பாவம்னு சொல்றாக. அது அப்படியே இருக்கட்டும். சின்னவகிட்ட வாயத் தொறந்துராத."

அண்ணன் மரத்துப்போனது குற்ற உணர்ச்சியால் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அது முடிவெடுத்துவிட்டவனின் அமைதி என்று ஜெயபாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணன்மேல் கோபம் வந்தது. ஒரு வாரத்தில் அவனுக்கு முதலில் வந்தது அந்தக் கோபம்தான்.

சமையலறை வாசலில் தங்கச்சி சத்யப்ரியா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் ஈரப் பாத்திரம், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளும் இத்தனை நாளாக அழவில்லை, யாரோடும் பேசவில்லை. அண்ணன்மேல் உள்ள கோபம் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

"பெரியண்ணே, நீங்க அத எப்படி மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பத்மாசினிதான் சொன்னாள். "சரியா மாட்டியிருந்தாரும்மா."

சத்யப்ரியா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் சொன்னது நீளமாக இல்லை. அண்ணன் மலைக்குப் போயிருந்தபோது அந்த மூட்டில் ஆவி கசிந்திருக்கிறது. ஃபிட்டர் வருகிற வரைக்கும் ஓட்டத்தை நிறுத்த முடியாது, நீயே கழற்றி வாஷர் மாற்று என்று மேனேஜர் சோணைமுத்துவை விரட்டியிருக்கிறார். எனக்கு இது பழக்கமில்லை சார் என்று சொன்னதற்கு, மாட்டேன் என்றால் நாளையிலிருந்து வராதே என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோணைமுத்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்லியிருக்கிறான்.

"மச்சான் அத தலைகீழா மாட்டியிருந்தாரு, நான் சத்தமில்லாம சரி பண்ணிட்டேன், யார்ட்டயும் சொல்லிராத, வெளிய தெரிஞ்சா ஃபிட்டருக்கு அசிங்கம்னு சொன்னாருண்ணே. உங்க பேரு கெட்ரக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனாரு. அப்புறம் தலைகீழா இருந்துதான் வெடிச்சுதுன்னு சொல்றாங்க. சரி பண்ணிட்டேன்னாரே, எப்படி வெடிச்சுதுன்னு எனக்கு ஒண்ணுமே விளங்கல. யார்ட்ட கேக்குறதுன்னும் தெரியல."

பம்ப் ஹவுஸில் கற்ற பாடத்தோடு, மச்சானின் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில் ஒருத்தன் நட்டு முடுக்கியிருக்கிறான். அவன் மானத்தைக் காப்பாற்ற இன்னொருத்தர் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துனது போதும்ண்ணே" என்றாள் சத்யப்ரியா. "செருப்பப் போடுங்க, நானும் வாரேன்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அருள்பாண்டியின் வாக்குமூலத்துக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சூரியபிரகாஷும் இருந்தார், அந்த வராத போனில் வக்கீலைப் பிடித்துவிட்டார் போல, பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு. பத்மாசினி கண்ணாடியில் தெரிந்த பொட்டைத் தன் செல்போனில் காட்டினாள். ஒருத்தர் விரல்கூடப் படவில்லை என்று மேனேஜர் இரண்டு தரம் சொன்னதை ஆலையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதையும் சொன்னாள். மேனேஜர், திருப்பியது யார் என்று நிரூபியுங்கள் பார்க்கலாம் என்றார். செத்தவன் பெயரை அந்த வீட்டு ஆட்கள் வெளியே எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் அவரைக் காப்பாற்றியது அதுதான்.

அருள்பாண்டி பேனாவுக்குக் கை நீட்டினார். சத்யப்ரியா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"நான் சொல்றேன், எழுதுங்க சார்" என்றாள். "பழக்கமில்லாத ஆளக் கழட்டச் சொன்னது இந்த மேனேஜரு. திருப்பி மாட்டுனது என் வீட்டுக்காரரு, சோணைமுத்து. சரியா மாட்டியிருந்தது எங்கண்ணன். இந்த வரிசையிலயே எழுதுங்க. என் வீட்டுக்காரரு பேர விட்டுறாதீங்க."

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், பிறகு எழுத ஆரம்பித்தார். சோணைமுத்து என்ற பெயர் தாளில் விழுந்தபோது, அத்தனை நாளாகக் கல்லாக இருந்த அருள்பாண்டி, பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சத்யப்ரியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் பத்மாசினி பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். என்னப்பா, ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். ஜெயபாண்டி ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"மோட்டார் கட்டைல டியூப்பு பிஞ்சுபோச்சுக்கா, போன வாரம்தான் மாத்தித் தாரேன்னு சொன்னான்" என்றது வாய். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அவன் அழுதுகொண்டே நின்றான்.